ஒரு மில்லிமீற்றர் என்பது 63 மீற்றர்: சித்தாண்டியும் பழைய வரைபடங்களும்

போன போயா லீவில் சித்தாண்டிக்குப் போயிருந்தோம். நாங்கள் மூன்று ஆசிரியர்கள், தரம் 11 பிள்ளைகள் எட்டுப் பேர், ஒரு லெப்டொப். ஒரு பழைய மாட்டுப்பட்டிக்காரரின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, இன்றைய செய்மதிப் படத்துக்கு மேல் பழைய ஒரு அங்குல வரைபடத்தை வைத்துக் காட்டினோம். மேல் படத்தை மெல்ல மங்கச் செய்தால் கீழே இன்றைய வீதி தெரியும். திரும்பவும் கூட்டினால் பழைய காலம் வந்து மூடும். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐயா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி சேர். இதில எங்கட பட்டி எங்க கிடக்கு?"

நாங்கள் தேடினோம். இல்லை. பட்டிக்கென்று அந்தப் படத்தில் ஒரு குறியே கிடையாது. "இல்லை ஐயா" என்றோம். "அப்ப நாங்களும் இல்லையோ?" என்று சிரித்தார். அவர் சிரித்தாலும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நீண்ட பதிவு அந்தக் கேள்விக்காகத்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறோம். பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்தால் அது வெறும் போட்டோதான், இன்ன இடம் என்று கணினிக்குத் தெரியாது. படத்தில் உள்ள ஒரு புள்ளியைத் தொட்டு, இன்றைய பூமியில் அது இந்த இடம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிப் பத்து, இருபது புள்ளிகள் கொடுத்தால் கணினி முழுப் படத்தையும் இழுத்து, திருப்பி, பூமியின் மேல் விரித்துவிடும். இதைத்தான் ஜியோரெஃபரன்சிங் என்கிறார்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

புள்ளியைத் தெரிவுசெய்வதில்தான் கெட்டித்தனம். எங்கள் பிள்ளைகள் முதலில் வாவியின் முகத்துவாரத்தைத் தொட்டார்கள். அது மாரிக்குத் திறக்கும், கோடைக்கு மூடும், மணல் திட்டு வருடத்துக்கு வருடம் நகரும். அதை நம்பிப் படத்தை விரித்தால் ஊரே கடலுக்குள் போய்விடும். ஆற்று வளைவும் அப்படித்தான். புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டையின் மூலைக் கொத்தளங்கள் நல்ல புள்ளிகள், அவை அசையவில்லை. பழைய வீதிச் சந்திகளும் அப்படியே.

அதன் பிறகும் ஒரு சிக்கல் வந்தது. படத்தின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அகலாங்கு நெட்டாங்கை அப்படியே கொடுத்தபோது வீதிகளெல்லாம் மேற்கே ஏறக்குறைய 200 மீற்றர் தள்ளி விழுந்தன. எங்கள் பிழைதான். பழைய இலங்கைப் படங்கள் எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமி வடிவத்தையும், நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவலையை அடிப்படைப் புள்ளியாகவும் வைத்துச் செய்தவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு கணக்கு. இரண்டையும் மாற்றிக் கொடுக்காவிட்டால் 200 மீற்றர் தவறும். 200 மீற்றர் சின்ன விஷயமா? ஒரு ஏக்கர் வயலைச் சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 64 மீற்றர்தான். அதாவது மூன்று பேருடைய வயலைத் தாண்டிவிடுவோம்!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், இந்த வேலையைத் தொடங்கியது தெரிந்த நாளிலிருந்து காணிப் பிரச்சினையோடு ஆட்கள் வருகிறார்கள். "சேர், வெள்ளைக்காரன்ட மெப்பில எங்கட எல்லை இருக்குமாம், எடுத்துத் தாங்க." போரிலும் 2004 சுனாமியிலும் உறுதி, பெர்மிட் எல்லாவற்றையும் இழந்த பகுதி இது. ஆசை விளங்குகிறது. ஆனால் ஒரு அங்குலப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 63 மீற்றர். பென்சில் கோட்டின் தடிப்பே ஒரு வரம்பை விழுங்கிவிடும். குளம் எங்கே, வட்டை எங்கே, பாதை எந்தப் பக்கம் போனது என்று அந்தப் படம் சாட்சி சொல்லும். உங்களுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் நடுவில் உள்ள வரம்பைச் சொல்லாது. அதற்குக் கிராமப் படங்களும் அளவைப் படங்களும் வேறாக இருக்கின்றன, நில அளவைத் திணைக்களத்தில் இலக்கம் சொல்லிக் கேட்க வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் தொடங்கியது. முதல் நில அளவையாளர் நாயகம் ஜோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர். ஆனால் முழுத் தீவையும் ஒரே அளவில், ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்று வரையும் வேலை 1897இல்தான் தொடங்கி 1924இல் முடிந்தது. 72 தாள்கள். காட்டுக்குள் சங்கிலி இழுத்து, பாழடைந்து கிடந்த குளங்களைக்கூட விடாமல் குறித்தார்கள். பின்னாளில் பழைய நீர்ப்பாசனம் பற்றி எழுதிய ஆர். எல். புரோகியர் அந்தத் திணைக்களத்தில் வேலை செய்தவர்தான். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. மட்டக்களப்புக்கு 1928இல் வந்த ரயில் பாதை அந்த முதல் அளவையில் இல்லை. கல்லோயாத் திட்டத்துக்கு முந்திய கிழக்கு எப்படி இருந்தது என்று பார்க்க அதைவிட நல்ல படம் கிடையாது.

ஆனால் 1897 என்ற வருடத்தைக் கவனியுங்கள். அதே வருடம்தான் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே 1840இல், காடாகவும் தரிசாகவும் பயிர் செய்யாமலும் கிடக்கும் நிலம், மாறாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது என்று சட்டம் போட்டிருந்தார்கள். 1897 சட்டம் அதற்கு ஒரு நடைமுறை கொடுத்தது. அறிவித்தல் போடுவது, மூன்று மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் முடியின் காணி என்று பிரகடனம் செய்வது. வருடத்தில் பாதி நாள் காட்டில் மாட்டோடு நிற்கிற மனிதன் எந்த அறிவித்தலைக் கண்டான்? வரைபடமும் சட்டமும் ஒரே கந்தோரில் செய்தவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் "இந்த இடத்தில் ஒருவரும் இல்லை" என்ற ஒரே பார்வை இரண்டிலும் இருக்கிறது என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம்.

மாடு வளர்ப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரும்போகம் விதைத்துவிட்டால் வயல் வெளியில் மாடு நிற்க முடியாது. அப்போது சித்தாண்டி, கிரான், செங்கலடிப் பக்கத்து மாடுகள் மேற்கே மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் போகும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து ஒட்டு வயலில் மேயும், வயலுக்கும் எரு கிடைக்கும். நிலம் ஒன்று, பாவனை இரண்டு, காலம் பார்த்து மாறும். இப்படி மாறுகிற ஒன்றைக் காட்ட வரைபடத்தில் நிறம் இல்லை. அளவையாளர் வந்த மாதத்தில் அங்கே மாடு நிற்காவிட்டால் அது வெறும் காடு. அந்த மயிலத்தமடு நிலம் மகாவலி எல்லைக்குள் வருவதும், வெளியார் வந்து பயிர் செய்வதும், 2023 செப்டெம்பர் 15 முதல் பண்ணையாளர்கள் இதே சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்து போராடியதும் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கை நாங்கள் இங்கே பேச வரவில்லை. படத்தில் வெறுமையாகத் தெரிவதை ஆளில்லாத இடம் என்று எடுத்தால் என்ன வரும் என்பதற்கு அது உதாரணம்.

ஒல்லாந்தர் படங்கள் வேறு ரகம். 1602இல் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கினார், 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய கம்பனியின் கையால் வரைந்த படங்கள் டென் ஹாக் நகரில் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லூபே என்பவர் 1867இல் அவற்றுக்குப் பட்டியல் அச்சிட்டார், இன்று ஸ்கேன் செய்து யாரும் எடுக்கக் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் கரையும் வாவியும் கோட்டையும் நுணுக்கம், உள்நாடு போகப் போக மங்கிவிடும். வள்ளத்தில் போய்ப் பார்த்தவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அளவு ரைன்லாந்துக் கோலில், ஒரு கோல் 3.77 மீற்றர் வரும். வடக்கு மேலே இருக்கும் என்றும் நம்ப முடியாது. இவற்றைப் பூமியின் மேல் விரிக்கும்போது ரப்பர் ஷீற்றைப் போல இழுபடும். இழுபட்ட இடத்தைப் பார்த்தே, வரைந்தவன் எதை நடந்து அளந்தான், எதைக் கேட்டுக் குறித்தான் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அன்று பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஊர்ப்பெயர்தான். எங்கள் மூத்தாப்பாமார் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். முக்குவரும் பட்டாணியரும் சேர்ந்து திமிலரை வடக்கே துரத்தினார்களாம். சத்துருவைப் பிடித்த இடம் சத்துருக்கொண்டான், எதிரி திரும்பி ஏறாமல் காவல் வைத்த ஊர் ஏறாவூர், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. சித்தாண்டிக்கு மட்டும் தனிக்கதை, சித்தரோ ஆண்டியோ தங்கிய இடமென்று. படத்தில் விரல் வைத்துப் போனால் இந்த ஊர்கள் தெற்கிலிருந்து வடக்கே அதே ஒழுங்கில் வரிசையாக வருகின்றன. "சேர், அப்ப கதை உண்மைதானே!" என்று ஒரு பிள்ளை துள்ளியது. அவசரப்படாதே என்றோம். ஊர்கள் வரிசையாக இருந்தபடியால் கதை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கலாம், பெயர் முந்தியா கதை முந்தியா என்று வரைபடம் சொல்லாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முஸ்லிம் ஊரையும் தமிழ் ஊரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் கதை அது. 1990க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இரண்டு பக்கத்திலும் அதை முழுதாகக் கேட்டதில்லை.

பெயர் சிதைவதையும் அங்கேதான் கண்டோம். உறுகாமம் ஆங்கிலத்தில் 'றூகம்' ஆகிவிட்டது. இன்றும் குளத்தின் பெயர் ஆங்கிலத்தில் அப்படித்தான். 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து ஏறாவூருக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று எங்களோடு இருந்தது. தன் உம்மாவின் ஊர் கண்முன்னால் இருந்தும் அதற்குத் தெரியவில்லை. பழைய படத்தில் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்: வாயால் உச்சரித்துப் பார்க்காமல் ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்தால் சொந்த ஊரும் பிடிபடாது.

இந்தப் படங்கள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டீர்கள். 'ஓல்ட் மெப்ஸ் ஒன்லைன்' என்ற தளத்தில் உங்கள் இடத்தைக் காட்டினால் எந்த நூலகத்தில் என்ன படம் இருக்கிறது என்று தரும். அமெரிக்காவில் டேவிட் ரம்சி திரட்டிய படங்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இணையத்தில் உள்ளன. லண்டன் பிரித்தானிய நூலகம் 2012இல் எழுநூறுக்கு மேற்பட்ட படங்களைப் போட்டு, பொதுமக்களே புள்ளி வையுங்கள் என்றது. ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஆனால் அதே நூலகத்தின் கணினிகள் 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, டிஜிட்டல் திரட்டுகள் மாதக்கணக்கில் எட்டாமல் போயின. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட நாட்டுக்காரருக்கு இதில் புதுமை இல்லை. எடுத்த படத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' போன்ற நம்மவர் முயற்சிகளுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

திரும்பவும் ஐயாவின் விறாந்தைக்கு வருகிறோம். அவருடைய கேள்விக்குப் பதில் இல்லாமல் எழும்ப மனம் வரவில்லை. ஒரு பிள்ளைதான் சொன்னது: "இல்லாட்டி நாங்க வைப்போமே சேர்." பழைய படத்தின் மேல் ஒரு வெறும் படலத்தைத் திறந்தோம். பட்டி எங்கே, மாடு ஆற்றை எந்தத் துறையால் கடக்கும், எந்த மடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று ஐயா சொல்லச் சொல்ல, செய்மதிப் படத்தில் மரமும் மடுவும் பார்த்துப் புள்ளி வைத்தோம். அளவையாளர் பெயரில்லாமல் விட்டுப்போன இடங்களுக்கு அன்று மாலைக்குள் முப்பத்திரண்டு பெயர் வந்தது. யார் சொன்னது, எந்த வருடத்து ஞாபகம் என்றும் பக்கத்தில் எழுதினோம். அது இல்லாவிட்டால் நாளைக்கு இதையும் ஒருவர் அடித்துவிட்டதாகச் சொல்வார்கள். இரண்டு இடத்தில் ஐயாவும் அவருடைய மச்சானும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பெயரையும் வைத்திருக்கிறோம்.

உங்களிடம் ஒரு உதவி. வீட்டுப் பெட்டியில் பழைய காணிப் படம், பெர்மிட்டோடு வந்த அளவைப் படம், வட்டை விதானை வைத்திருந்த கையெழுத்துப் படம் எதுவும் இருந்தால் லெமினேட் பண்ணாதீர்கள், மடித்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். தரையில் விரித்து, நான்கு மூலையும் அளவுகோலும் தெரிய, நேர் மேலே நின்று வெயில் படாமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். ஆள் பெயர், காணி இலக்கம் உள்ள பகுதியை நாங்கள் வெளியில் போட மாட்டோம்.

சந்தனமடு ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் அக்கரையில் பெருமாவெளி, ஈரளக்குளம் பக்கம் போகிறோம். அந்தப் பக்கத்து மூத்தவர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐயாவும் வருகிறேன் என்றிருக்கிறார், மச்சானோடு.