கள்ளத்தோணி என்றொரு சொல்லும் மூன்று தலைமுறைப் பெண்களும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி உதவித்தொகைப் படிவத்தோடு என் அறைக்கு வந்தாள். எல்லாக் கட்டங்களையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். ஒன்று மட்டும் காலி. "குடியுரிமைன்னு கேட்டிருக்காங்க மேடம். என்ன எழுதுறது?" பிறந்தது பெரம்பலூர் அரசு மருத்துவமனை. வளர்ந்தது துறைமங்கலம் முகாம். படித்தது முழுக்கத் தமிழ்வழி. "இந்தியன்னு எழுது" என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே சொன்னாள்: "அப்படி எழுதுனா பொய் சொன்னதா ஆயிடும் மேடம்."

இருபது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்த சட்டம், இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடிப் போனால், அது என் அப்பாயி வீட்டுத் திண்ணையில் வந்து நின்றது.

அப்பாயிக்கு ஒரு பெரியம்மா இருந்தாராம். "அவ கண்டிச்சீமைக்குப் போனவ" என்று மட்டும் சொல்வார். பெயர் சொல்லமாட்டார். மழை பொய்த்த ஒரு வருஷம் கங்காணியோடு புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள், திரும்பவில்லை. எங்கள் பகுதியில் பழைய குடும்பங்களில் இப்படி ஒரு பெயரில்லாத பெண் இருப்பது வியப்பில்லை. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குள் இருந்தவை. வானம் பார்த்த பூமி. இலங்கைத் தோட்டங்களுக்கு அதிகமாக ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் திருச்சியும் ஒன்று. தோட்ட முதலாளிகள் 1904ஆம் ஆண்டு தங்கள் ஆள்சேர்ப்பு அமைப்பான இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் அலுவலகத்தைத் திருச்சியில்தான் திறந்தார்கள்.

முதலில் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே ஏராளமானோர் செத்தார்கள். 1869க்குப் பிறகு இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவகாலத்தில்தான் அதிக ஆள் வேண்டும். தேயிலைக் கொழுந்தோ வருஷம் முழுதும் துளிர்க்கும், பறிக்க வேண்டும். அதனால் பெண்களும் குடும்பங்களும் தேவைப்பட்டார்கள். விடிகாலைப் பிரட்டுக்கு நின்று, முதுகில் கூடை மாட்டி, மாலையில் கொழுந்து நிறுத்து, லயத்து அறையில் அடுப்பு மூட்டியவள் பெண்தான். இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தின் முதுகெலும்பு தேயிலை என்று பொருளாதார நூல்கள் எழுதும். அந்த முதுகெலும்பு யாருடைய முதுகு என்பதை எழுதாது.

கூலியிலும் அவள் பாதியில் நின்றாள். கங்காணியிடம் பட்ட கடன் எழுதப்பட்ட 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது என்ற முறை 1921 வரை இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று வைத்தார்கள். தோட்டங்களில் ஆண் பெண் சம கூலி 1984இல்தான் வந்தது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கண்டிச் சிங்களக் கிராமத்தவர்களுக்கும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. பத்திரம் இல்லாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்ற 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்கள் மேய்ச்சல் காட்டையும் சேனை நிலத்தையும் இழந்தார்கள். அந்த மலைகளில்தான் தோட்டங்கள் எழுந்தன. நிலத்தைப் பறித்தவன் பங்களாவில் இருந்தான். கண்ணுக்குத் தெரிந்தவள் கொழுந்துக்காரி. 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலை அருகியபோது, "வந்தவர்களால்தான் நமக்கு வேலையில்லை" என்ற பேச்சு மேடையேறியது. 1939இல் அரசுத் துறைகளில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கினார்கள். அதை எதிர்த்துப் பாட்டுக் கட்டி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர் மீனாட்சி அம்மாள். கோ. நடேசய்யரின் மனைவி என்றே பல இடங்களில் அவரைக் குறிப்பிடுகிறார்கள். தொழிற்சங்கக்காரர், பத்திரிகைக்காரர் என்று குறிப்பிடுவதே சரி.

அதே 1939இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கை போகத் தடை போட்டது. தடை போட்டதும் பசி நின்றுவிடவில்லை. அங்கே கணவன், இங்கே மனைவி. அங்கே தாய், இங்கே பிள்ளை. நேற்றுவரை டிக்கெட் வாங்கிக் கப்பலேறியவர்கள் இரவில் தோணியேறினார்கள். 1948இல் இலங்கை குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தது. 1952 முதல் கரையோரத்தில் ஆள் பிடிக்க 'ஒப்பரேஷன் மொண்டி' என்று இராணுவத்தையே நிறுத்தினார்கள். 'கள்ளத்தோணி' என்ற சொல் அப்போதுதான் வலுப்பெற்றது. தோணியில் வந்தவர்களைச் சுட்டிய சொல், நான்கு தலைமுறையாக மலையில் இருந்தவளையும் சுட்டத் தொடங்கியது. அது எப்படி வந்தோம் என்பதைக் குறிக்கவில்லை, யாராகப் பிறந்தோம் என்பதைக் குறித்தது.

சட்டமும் அதையே செய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி இது: உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா? இல்லையென்றால், தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்களா? தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. லயத்து அறையில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்று ஏது? தாய் சாட்சி சொல்லலாம். ஆனால் தாயின் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1931இலேயே பெண்களுக்கும் வாக்குரிமை தந்த நாடு என்று இலங்கையைப் பெருமையோடு வகுப்பில் சொல்கிறோம். பதினெட்டே ஆண்டுகளில் மலையகப் பெண்ணிடமிருந்து அது பிடுங்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. பறிப்புக்கான காரணத்தை அந்த எண்ணில் தேடினால் போதும்.

பிறகு பேரம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் இந்தியா 5,25,000 பேரை எடுத்துக்கொள்ளும், இலங்கை 3,00,000 பேரை வைத்துக்கொள்ளும். மீதி 1,50,000 பேர் பிற்பாடு. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மாட்டைப் பாகம் பிரிக்கும்போதுகூடக் கன்றைத் தாயோடு விடுவார்கள். இங்கே ஒரே லயத்தில் அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று வந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வந்த கப்பல் 1984இல் நின்றபோது இன்னும் பல்லாயிரம் பேர் அந்தப் பக்கமே இருந்தார்கள்.

என் மாணவியின் பாட்டி அவர்களில் ஒருத்தி. 1977 கலவரத்தில் மலையைவிட்டு வவுனியாவுக்கு ஓடி, 1990இல் அங்கிருந்து தோணியேறி மண்டபம் வந்து சேர்ந்தவர். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தடுத்துவைத்து நோய் பார்த்த அதே மண்டபம் முகாம். "எங்க பாட்டியோட பாட்டி திருச்சிப் பக்கம்தானாம் மேடம்" என்றாள் மாணவி. திருச்சிப் பக்கத்திலிருந்து போன பெண்ணின் பேத்திக்குப் பேத்தி திருச்சிப் பக்கமே திரும்பிவந்தால் அவளுக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் பெயர், 'சட்டவிரோதக் குடியேறி'. கள்ளத்தோணிக்கு நம் மொழிபெயர்ப்பு.

2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்தாலும் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளை குடிமகள் இல்லை. 2019இல் கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகள் இருந்தன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. தண்டனை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் அது குடியுரிமை ஆகாது.

குடியேறிகளால் நாட்டுக்குப் பொருளாதாரச் சுமை என்கிறார்கள். முகாம் பையன்கள் பட்டம் படித்துவிட்டு பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள். அரசு வேலைக்கு எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. காகிதம் இல்லாதவன் கூலி பேச முடியாது. அவன் பேச முடியாதபோது பக்கத்தில் வேலை செய்கிற உள்ளூர்க்காரன் கூலியும் இறங்கும். கூலியை இறக்குவது அவன் வந்தது அல்ல, அவனுக்கு உரிமை இல்லாதது.

இதை அயலார் கதையாகப் படிக்க வேண்டாம். இன்று எங்கள் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகாத தெரு குறைவு. முதலாளியிடமிருந்து ஓடி விசா முடிந்து தங்கியவர்களை அங்கே 'கல்லிவல்லி' என்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாத பெண் வீட்டுவேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நம் அரசின் விதி. பாதுகாப்புக்காகப் போட்ட விதிதான். கடன் 30 வயது வரை காத்திருப்பதில்லை. அவள் சுற்றுலா விசாவில் ஏஜென்ட் சொன்னபடி போகிறாள். அடி வாங்கினாலும் புகார் கொடுக்க முடியாதவளாகிறாள். 1939இன் தடை தோணியைச் செய்தது போல, இந்த விதி இவளைச் செய்கிறது.

அந்தப் படிவத்தில் 'இலங்கைத் தமிழர், மறுவாழ்வு முகாம்' என்று எழுதி, முகாம் அடையாள அட்டை நகலை இணைத்து அனுப்பினோம். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது, அந்தக் கட்டம் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு. மறுபடி அனுப்பினோம், மறுபடி வந்தது. அவள் ஆண்டுக் கட்டணத்தை அவள் அம்மா ஜவுளிக்கடையில் நின்று கட்டினார்.

அப்பாயியின் பெரியம்மா பெயர் என்ன என்று இப்போது ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. நீங்களும் உங்கள் வீட்டு வயதானவர்களிடம் கேளுங்கள். கண்டிச்சீமை, பினாங்கு, ரங்கூன் என்று போனவள் ஒருத்தி இருப்பாள். அவள் பெயரை எழுதிவையுங்கள். அவளுடைய பேத்தி ஒரு படிவத்தோடு உங்கள் முன்னால் வந்து நிற்கலாம்.