காற்றை அளந்தவர்கள்: நெடுந்தொலைவுக் குண்டின் வடிவ வரலாறு

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில், 1751 ஜூலை 29 அன்று ஓர் ஆங்கிலேயர் காய்ச்சலில் இறந்தார். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். வயது 44. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்தும் பொறியாளராக முந்தைய ஆண்டுதான் இந்தியா வந்திருந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. கெடிலம் கடலில் கலக்கும் அந்தக் கரையில் இன்று நிற்பவர்களில் பெரும்பாலோர் ராபின்ஸின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், இரண்டு மைல் தொலைவில் உள்ள இலக்கை ரைஃபிளால் தொட முயலும் இன்றைய குண்டு வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் அவர் எழுப்பிய கேள்விக்குத்தான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்.

மிக நெடுந்தொலைவுச் சுடுதலுக்கான பெருவிட்டக் குண்டுகள் கடந்த கால் நூற்றாண்டில் திடீரென்று பிறந்தவை என்றொரு எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவற்றின் வடிவக்கூறுகளில் ஏறத்தாழ எல்லாமே 1898க்குள் கைக்கு வந்துவிட்டவை. ஒவ்வொரு முறையும் தாமதமானது அளவீடுதான். பறக்கும் குண்டைக் காற்று என்ன செய்கிறது என்பதைக் காட்டும் கருவி வந்தபோதெல்லாம் குண்டு மாறியது. கருவி நின்ற இடத்தில் குண்டும் நின்றது.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவை. பேச்சில் தோட்டா, குண்டு, ரவை என்று கலந்து வழங்குகிறோம். இங்கே தோட்டா என்பது வெடிமருந்தும் உறையும் சேர்ந்த முழுமை. குண்டு என்பது குழலை விட்டுப் பறக்கும் பகுதி மட்டும்.

1742இல் வெளியான ராபின்ஸின் பீரங்கியியல் நூல் இத்துறையின் அடித்தளம். அதற்கு முன் எறிபொருளின் பாதையைக் கலிலியோ காட்டிய பரவளையமாகவே கொண்டார்கள். காற்றின் தடை பொருட்படுத்த வேண்டாத சிறுமை என்று கருதினார்கள். ராபின்ஸ் கனமான ஊசலொன்றைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். ஊசல் எவ்வளவு பின்வாங்கியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். முக்கால் அங்குல ஈயக் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகத்தில் புறப்படுவதைக் கண்டார். பரவளையக் கணக்கு உண்மையானால் அந்தக் குண்டு 17 மைல் போக வேண்டும். நடைமுறையில் அது அரை மைலைக் கூட எட்டவில்லை. மீதமுள்ள பதினாறரை மைலையும் விழுங்கியது காற்று. அது மட்டுமா? குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று மும்மடங்காக உயர்வதையும் அவர் பதிவுசெய்தார். ஜெட் விமானங்களுக்கு இரண்டு நூற்றாண்டு முந்தைய இந்தக் கவனிப்பை அறிவியல் வரலாற்றின் பெரும் சாதனைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

அவருடைய இன்னொரு சோதனையும் மறக்க முடியாதது. மஸ்கெட் குழலின் முனையை இடப்புறமாக வளைத்துச் சுட்டார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டிருந்தார். துளைகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, முதலில் இடப்புறம் சென்ற குண்டு பிறகு வலப்புறமாக வளைந்திருந்தது. சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதற்கான சான்று அது. தாறுமாறான சுழற்சியே குறி தவறக் காரணம் என்றால், குழலுக்குள் புரி வெட்டி, பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு குண்டைச் சுழலவிடுவதுதான் வழி. புரிக்குழலின் இயல்பை எந்த நாடு முழுமையாக உணர்ந்து கொள்கிறதோ அது போர்க்களத்தில் மேலோங்கும் என்று 1747இல் அவர் முன்கூட்டியே சொன்னார். அது நிறைவேற நூறாண்டு ஆனது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று இடையில் நின்றது. புரியில் இறுகப் பொருந்தும் குண்டைக் குழலின் வாய் வழியாக இறக்குவது கடினம்; எளிதாக இறங்கும் குண்டு புரியைப் பற்றாது. 1820களில் ஜான் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அடிப்பகுதி குழிந்த நீள்குண்டு ஒன்றை வடிவமைத்தார். தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்புகளின் அடியில் கட்டியிருந்த மென்மையான தாவரச் சோறு, ஊதும்போது விரிந்து குழலை அடைத்துக்கொள்வதைக் கண்டதே அவருக்குத் தூண்டுதல் என்று ஆங்கில ஆயுத வரலாறுகள் குறிப்பிடுகின்றன. வேட்டைக்காரர் எவர், ஊர் எது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு நார்ட்டனின் குண்டை ஏற்கவில்லை. 1849இல் பிரான்சின் கிளோட் மினியே அதே விரியும் அடிப்பகுதியைக் கொண்டு வெற்றி கண்டபோது, அவருக்கு 20,000 பவுண்டு கொடுத்து அந்த உரிமையை வாங்கியது.

மினியே குண்டு சுழன்றது; ஆனால் போதுமான அளவு சுழலவில்லை. அவ்வகைக் குண்டைச் சுட்ட பிரிட்டிஷ் என்ஃபீல்டு ரைஃபிளின் புரி 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த் துப்பாக்கி செய்பவரல்லர்; துல்லிய அளவீட்டுக் கருவிகளில் வல்லவர். அதனாலேயே அவரால் வேறுவிதமாக யோசிக்க முடிந்தது. குழல்விட்டத்தை 0.577 அங்குலத்திலிருந்து 0.451 ஆகக் குறைத்தார். எடையைக் குறைக்காமல் குண்டை நீட்டினார். அறுகோணக் குழலில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். 1857 சோதனையில் 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்தினுடையது 0.37 அடி. ஒல்லியான, நீண்ட குண்டு அதே எடைக்குக் காற்றில் சிறிய துளையே போடுகிறது. ஆனால் அதை நிமிர்த்தி வைக்க வேகமான சுழற்சி வேண்டும். இன்றுவரை எல்லா வடிவமைப்பும் இந்த இரண்டுக்கும் இடையிலான பேரம்தான். 1879இல் வுல்விச்சின் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் இந்தப் பேரத்தை எளிய சூத்திரமாக்கினார்: குண்டின் நீளமும் விட்டமும் தெரிந்தால் தேவையான புரியைச் சொல்லிவிடலாம்.

அதே காலத்தில் பிரான்சிஸ் பாஷ்ஃபோர்த் என்ற பாதிரியார், குண்டு கடக்கும் திரைகளின் நேரத்தை மின்சாரத்தால் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கி, வேகத்துக்கு ஏற்பத் தடை மாறுவதை அட்டவணைப்படுத்தினார். ஜெர்மனியில் குருப் நிறுவனமும் பெருஞ்சோதனைகள் நடத்தியது. இவற்றிலிருந்து ஒரு சமரசம் பிறந்தது. தட்டை அடியும் குட்டை மூக்கும் கொண்ட ஒரு மாதிரிக் குண்டின் தடையை அளந்துவிட்டு, மற்ற எல்லாக் குண்டுகளையும் அதனோடு ஒப்பிட்டு ஓர் எண்ணால் குறிப்பது. எறியியல் கெழு என்பது இதுதான்; அந்த மாதிரியின் பெயர் ஜி1. சமரசத்தின் குறை வெகுகாலம் கழித்தே வெளிப்பட்டது.

1884இல் போல் வியே கண்டுபிடித்த புகையற்ற வெடிமருந்து வேகத்தை ஒரே தாவலில் உயர்த்தியது. பிரான்சின் லெபெல் ரைஃபிள் 1886இல் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதற்காகக் கேப்டன் தெசாலே வடிவமைத்த ‘பால் டி’ குண்டைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஈயமில்லை, உறையில்லை; செம்பு மிகுந்த பித்தளையில் முழுமையாக ஆன ஒரே துண்டு. கூரிய மூக்கு. பின்புறம் படகின் அடிபோலக் குறுகும் வால். எடை 12.8 கிராம். இன்றைய நெடுந்தொலைவுப் போட்டிக்கான குண்டை அருகில் வைத்தால் பேரனும் பாட்டனும்போல் இருக்கும். லெபெலின் தோட்டாக்கள் குழாய்ப் பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் கூர்முனை முன்னதன் வெடிமுனையைத் தட்டிவிடும் ஆபத்து இருந்தது. அதைத் தவிர்க்கத் தோட்டாவின் அடியில் ஒரு வளையப் பள்ளம் வெட்டினார்கள். ஒரு நல்ல வடிவத்துக்காகத் தோட்டாவையே மாற்றினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மற்ற நாடுகள் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டன. ஜெர்மனியின் கூர்மூக்குக் குண்டு, அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுத் தோட்டா, பிரிட்டனின் 1910ஆம் ஆண்டு ஏழாம் வகை ஆகியவை கூர்மையானவை; வால் தட்டை. படகுவாலை நாடியது சுவிட்சர்லாந்து. அதன் 1911ஆம் ஆண்டுத் தோட்டா 11.3 கிராம் படகுவால் குண்டைக் கொண்டது. ஏன் மற்றவர் தயங்கினர்? அருகாமைத் தொலைவில் படகுவாலின் பயன் சிறிது. ஒலியை விட வேகமாகப் பறக்கும்போது மூக்கின் அதிர்வலையே பெரும் தடை. வேகம் தணிந்த பின்தான் குண்டின் பின்னால் உருவாகும் வெற்றிடம் போன்ற இழுவை மேலோங்குகிறது. அந்தத் தொலைவில் யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளக்க வைத்தது முதல் உலகப் போர். தங்கள் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு 4,700 கெஜம் எட்டும் என்று அட்டவணைகள் சொன்னதை அமெரிக்கர்கள் நம்பினார்கள். உண்மையில் அது ஏறத்தாழ 3,400 கெஜத்திலேயே விழுந்தது. போருக்குப் பின் புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் நீர்ப்பரப்பை நோக்கிச் சுட்டு, விழுமிடங்களைக் குறித்தார்கள். விளைவாக 1920களின் நடுவில் வந்த எம்1 குண்டு ஒன்பது பாகைப் படகுவாலுடன் ஏறத்தாழ 5,500 கெஜம் சென்றது. பயிற்சித் திடல்களின் பாதுகாப்பு எல்லையையே அது தாண்டிவிட, இரண்டாம் உலகப் போருக்கு முன் மீண்டும் தட்டை அடிக் குண்டுக்கே ராணுவம் திரும்பியது. முன்னேறியதனாலேயே கைவிடப்பட்ட குண்டு அது.

இனி விட்டம். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் குண்டைப் பெரிதாக்கினால் எடை மூன்றாம் அடுக்கில் வளரும். காற்றை எதிர்கொள்ளும் முகப்பு இரண்டாம் அடுக்கில்தான் வளரும். பெரிய குண்டு தன் வேகத்தை நெடுநேரம் தக்கவைப்பதன் காரணம் இந்த எளிய வடிவியல்தான். ஆனால் பெருவிட்டம் முதலில் இதற்காக வரவில்லை. 1918இல் ஜெர்மனியின் 13.2 மி.மீ. மவுசர், டாங்கித் தகட்டைத் துளைக்கப் பிறந்தது. அமெரிக்காவின் 0.50 பிரவுனிங் தோட்டாவும் அதே காலத்துத் தேவையின் பிள்ளை. 1980களில் பாரெட் ரைஃபிளும் ஐம்பது காலிபர் ஆர்வலர் சங்கமும் வந்த பின்னரே அது குறிசுடும் கருவியாகத் தீவிரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன் போர்க்களக் குண்டுகளின் தயாரிப்புத் தரம் அதற்குப் போதவில்லை.

பின்னர் நடந்தது ஓர் இடைநிலைத் தேடல்: 1989இல் தரப்படுத்தப்பட்ட 0.338 லாபுவா மேக்னம், 2001இல் 0.408 செய்டாக், 2005இல் 0.416 பாரெட். செய்டாக்கின் உறை 1911ஆம் ஆண்டு யானை வேட்டைத் தோட்டாவான 0.505 கிப்ஸிலிருந்து வந்தது. அதன் 27 கிராம் குண்டோ செம்புக் கலவையில் கடைசலில் கடைந்தெடுத்த ஒற்றைத் துண்டு. அதாவது, தெசாலேயிடம் திரும்பியாயிற்று. காரணம் உண்டு. ஈயத்தை உறையில் அழுத்திச் செய்யும் குண்டில் உறையின் தடிப்பு சிறிது பிசகினாலும் எடைமையம் அச்சை விட்டு விலகும். கணினி இயக்கும் கடைசலில் ஒவ்வொரு குண்டும் மற்றதன் நகல். விலையும் உண்டு: செம்பு ஈயத்தைவிட இலேசானது. எனவே அதே எடைக்கு நீளம் கூட வேண்டும். நீளம் கூடினால் கிரீன்ஹில் சொன்னபடி புரி இறுக வேண்டும். புதிய குண்டு புதிய குழலைக் கேட்பது இதனால்தான்.

ஜி1இன் குறை இந்தக் கட்டத்தில்தான் உறைத்தது. நீண்ட மூக்கும் படகுவாலும் கொண்ட குண்டை 19ஆம் நூற்றாண்டின் குட்டைக் குண்டோடு ஒப்பிட்டால், கெழு என்ற அந்த எண் வேகத்துக்கு வேகம் மாறுகிறது. 7.5 பாகைப் படகுவால் கொண்ட ஜி7 மாதிரி ராணுவ ஆய்வகங்களுக்கு முன்பே தெரியும். 2009இல் எறியியலாளர் பிரையன் லிட்ஸின் நூல் வந்த பிறகே அது சாதாரணச் சுடுநர் கைக்குப் பரவலாக வந்தது. அடுத்து டாப்ளர் ரேடார். அது குண்டைப் பாதை நெடுகப் பின்தொடர்ந்து ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் எழுதுகிறது. மாதிரியே வேண்டாம், ஒவ்வொரு குண்டுக்கும் அதன் சொந்தத் தடை வரைபடம் கிடைக்கிறது. 2015இல் ஹார்னடி நிறுவனம் ஒரு விநோதத்தை இதனால் கண்டது. குண்டுகளின் பிளாஸ்டிக் முனை காற்றின் உராய்வு வெப்பத்தில் பறக்கும்போதே உருகி மழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அதைக் காணக் கருவி இல்லை. ஆகவே யாரும் அதைத் திருத்தவும் இல்லை.

நியூ மெக்சிகோவின் ரேட்டன் நகரருகே நடக்கும் இரண்டு மைல் போட்டியில் இலக்கு 3,219 மீட்டர் வரை தள்ளி நிற்கிறது. குண்டு அங்கே சேர ஆறு விநாடிக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அது நூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். புறப்படும் வேகத்தில் விநாடிக்கு 3 மீட்டர் பிசகினால் விழுமிடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மாறும். இவை கணக்கால் பிடிபடுபவை. பிடிபடாதது ஒலிவேக எல்லை. குண்டு ஏறத்தாழ விநாடிக்கு 340 மீட்டருக்கு இறங்கும்போது அதிர்வலைகள் அதன் உடலின்மேல் இடம் மாறுகின்றன. காற்றழுத்தத்தின் மையம் நகர்கிறது. சிறு தள்ளாட்டம் பெருகுகிறது. 300 மீட்டர் போட்டிக்கென 1959இல் உருவான சியெரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் குண்டு அத்தொலைவில் தலைசிறந்தது. அதன் 13 பாகை வால், அந்த எல்லையில் நிலைகுலையும். ஒன்பது பாகைக் குண்டுகள் அதே எல்லையைக் கடந்துவிடுகின்றன. நான்கு பாகை வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதை ரேடாரும் கணினிக் காற்றோட்டக் கணக்கும் பகுதியளவே விளக்குகின்றன. அதனால்தான் பெருவிட்டத் தோட்டாவை வடிவமைப்பவர்கள் இன்றும் அந்த எல்லையைக் கடந்து செல்வதை விட, குண்டு இலக்கைத் தொடும்வரை அந்த எல்லைக்கு மேலேயே பறக்கவைக்கப் பார்க்கிறார்கள்: கூடுதல் எடை, நீண்ட மூக்கு, இன்னும் இறுக்கமான புரி. 1742இல் ராபின்ஸ் ஊசலின் ஆட்டத்தில் கண்ட அதே மும்மடங்குச் சுவர் அது.