கிளாங்

கிளாங் என்பது சி, சி++, அப்ஜெக்டிவ்-சி ஆகிய நிரல்மொழிகளுக்கென உருவான திறமூலத் தொகுப்பி முன்முனையாகும். மனிதர் எழுதும் மூலநிரலைக் கணிப்பொறியின் இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள் தொகுப்பி அல்லது கம்பைலர் எனப்படும். அதில் நிரலைப் படித்து, மொழியின் விதிகளுக்கு உட்பட்டுள்ளதா என ஆராயும் பகுதி முன்முனை. செயலிக்கேற்ற கட்டளைகளை ஆக்கும் பகுதி பின்முனை. கிளாங்கின் பின்முனையாக எல்.எல்.வி.எம். அமைகிறது.

பின்னணி

1987இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பி கட்டற்ற மென்பொருள் உலகின் அடித்தளமாக நெடுங்காலம் விளங்கியது. 2000ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் விக்ரம் ஆத்வேயும் அவருடைய மாணவர் கிறிஸ் லாட்னரும் தொடங்கிய எல்.எல்.வி.எம். திட்டம், தொகுப்பியின் பணிகளைப் பிற மென்பொருள்களும் எடுத்தாளத்தக்க தனித்தனி நிரல் நூலகங்களாக வகுத்தது. அதற்குச் சொந்த முன்முனை இல்லாமையால் ஜி.சி.சி.யின் முன்முனையே தொடக்கத்தில் பயன்பட்டது. ஆனால் அம்முன்முனை நிரலைப் படிக்கும்போதே சுருக்கிவிடும் இயல்புடையது. ஒரு மாறியிலிருந்து அதே மாறியைக் கழிக்கும் கோவை அதனுள் சுழியமாகவே பதிவாகி, எழுதியவர் இட்ட வடிவம் மறைந்துவிடும். எழுதும்போதே பிழையைச் சுட்டவும் நிரலைத் திருத்தியமைக்கவும் வேண்டிய கருவிகளுக்கு இது பெருந்தடையாயிற்று.

தோற்றம்

2005இல் லாட்னரைப் பணியமர்த்திய ஆப்பிள் நிறுவனம், இத்தடையை நீக்கப் புதியதொரு முன்முனையை எழுதத் தொடங்கி, 2007 ஜூலையில் அதைத் திறமூலமாக வெளியிட்டது. வழிவந்த படைப்புகளும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும் என்னும் ஜி.சி.சி.யின் நிபந்தனைக்கு மாறாக, கிளாங்கின் உரிமம் அதன் நூலகங்களை வணிக மென்பொருளிலும் இணைக்க இடமளித்தது. 2019இல் இவ்வுரிமம், எல்.எல்.வி.எம். விதிவிலக்குகளுடன் கூடிய அப்பாச்சி 2.0 உரிமமாக மாற்றப்பட்டது.

அமைப்பு

கிளாங் முதலில் மூலநிரலைச் சொற்கூறுகளாகப் பிரித்து, அவற்றை இலக்கண விதிப்படி இணைத்து, தொடரியல் மரம் எனப்படும் கிளைவடிவில் அடுக்குகிறது. சி மொழியில் இப்பணி எளிதன்று. "க * ச;" என்னும் தொடரில் க ஒரு மாறியாயின் அது பெருக்கலைக் குறிக்கும்; க ஒரு தரவினத்தின் பெயராயின், நினைவக முகவரியைத் தாங்கும் ச என்னும் சுட்டியை அது அறிவிக்கும். ஆகவே இலக்கணம் பார்க்கும் பகுதி, பெயர்களின் பொருளை அறிந்த பகுதியை அடிக்கடி கலந்தே முடிவு செய்கிறது. மரத்தின் ஒவ்வொரு கிளையும் தான் மூலநிரலின் எந்த வரியில், எந்த இடத்தில் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை நினைவில் வைத்திருப்பதால், கிளாங் பிழையான வரியை எடுத்துக்காட்டி, பிழை நேர்ந்த எழுத்தின் கீழ் குறியிட்டு, விடுபட்ட அரைப்புள்ளி போன்றவற்றுக்குத் திருத்தமும் முன்மொழிகிறது. சரிபார்க்கப்பட்ட மரம் இறுதியில் எல்.எல்.வி.எம்.மின் இடைநிலை வடிவமாக மாற்றப்படுகிறது.

வளர்ச்சி

2009 அக்டோபரில் வெளியான முதற்பதிப்பு சி, அப்ஜெக்டிவ்-சி மொழிகளை நம்பகமாகக் கையாண்டது. அளவிலும் சிக்கலிலும் மிகப் பெரிதான சி++ மொழிக்கு மேலும் உழைப்பு தேவைப்பட்டது. சி++ மொழியிலேயே எழுதப்பட்ட கிளாங் தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளும் நிலையை 2010 பிப்ரவரியில் எட்டியது. 2013இல் சி++11 தரநிலை முழுவதையும் நிறைவேற்றியது. 2014 ஜனவரியில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 10 இயங்குதளம் பெருவழக்கிலுள்ள கணிப்பொறிகளுக்குக் கிளாங்கையே இயல்புத் தொகுப்பியாக்கியது. 2018இல் விண்டோசுக்கான குரோம் உலாவியும் அதற்கு மாறியது.

தாக்கம்

நூலகங்களாகப் பிரிந்திருந்தமையே கிளாங்கின் செல்வாக்குக்கு முதற்காரணம். நிரலின் அமைப்பைச் சீராக்கும் கிளாங்-ஃபார்மேட், நிரல் எழுதும் உரைதிருத்திகளுக்குள் நிரல்பெயர்களை நிரப்பித் தரும் கிளாங்டி ஆகியவை தொகுப்பி பயன்படுத்தும் அதே நூலகங்களின்மேல் எழுந்தவை. பிழைநேர்ந்த இடத்தைக் குறியிட்டுக் காட்டும் முறையை 2013இல் வெளியான 4.8ஆம் பதிப்பில் ஜி.சி.சி.யும் ஏற்றதால், கிளாங்கைப் பயன்படுத்தாதவர்க்கும் அதன் பயன் கிட்டியது. இயந்திரத்துக்காக மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், எழுதியவருக்கு அவர் எழுதியதை விளக்கிக் காட்டுவதும் தொகுப்பியின் கடமை என்பதை நிலைநாட்டியது, தொகுப்பிகளின் வரலாற்றில் கிளாங்குக்குரிய சிறப்பிடமாகும்.