மருந்துச் சீட்டும் மருந்தகமும்: ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியர் எழுதும் சீட்டு நோயைத் தீர்ப்பதில்லை. அச்சீட்டு மருந்தாக மாறிய பின்னரே சிகிச்சை தொடங்குகின்றது. இலங்கையில் இம்மாற்றம் ஈரிடங்களில் நிகழ்கின்றது. ஒன்று, அரச வைத்தியசாலையின் மருந்து வழங்கும் யன்னல். மற்றையது, கடைத்தெருவிலுள்ள தனியார் மருந்தகம். முன்னையது சுருங்கினால் பின்னையது செழிக்கும் என்பது பொதுவான எண்ணமாகும். நமது நாட்டின் அண்மைக்கால வரலாறு இவ்வெண்ணத்துக்குச் சான்று பகரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

1951 ஆம் ஆண்டு அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் இலவச மருத்துவத்துக்கு வேண்டிய மருந்துகளிற் பெரும்பாலானவை கடல்கடந்தே வந்தன. எனவே, அந்நியச் செலாவணி குன்றிய போதெல்லாம் மருந்து வழங்கலும் ஆட்டங் கண்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை புகுத்தப்பட்டு, 1977 வரை நீடித்தது. தொகை சிறிதெனினும், நெருக்கடியின் சுமையை நோயாளியின் மீது இறக்கிவைக்கும் போக்கு அதிற் புலப்பட்டது.

அதே 1971 இல் வேறொரு வழியும் முன்வைக்கப்பட்டது. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கை, ஒரே மருந்து பல வணிகப் பெயர்களிற் பல விலைகளுக்கு இறக்குமதியாவதைச் சுட்டிக்காட்டியது. இதன் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதன் முதல் தலைவராகப் பிபிலேயே பொறுப்பேற்றார். தனியார் துறைக்கான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. மருந்தகங்களின் தட்டுகளில் வகைகள் அருகின. ஆயினும், அருகியவற்றுட் பல வெறும் பெயர் வேறுபாடுகளே என்பது ஈண்டு நோக்கற்பாலது. பல்தேசியக் கம்பனிகள் இக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தன.

1977 இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்கப்பட, கூட்டுத்தாபனம் பல இறக்குமதியாளருள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் பிபிலே கயானாவிற் காலமானார். மருந்தகங்களின் தட்டுகள் மீண்டும் நிரம்பின. ஆனால், அந்நிறைவு டொலரைச் சார்ந்த நிறைவாகவே இருந்தது.

அச்சார்பின் விலை 2022 இல் வெளிப்பட்டது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டிருந்தது. நோயாளிக்கு அது நற்பயனளித்தது என்பதில் ஐயமில்லை. எனினும், 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபா, மே மாதத்தில் 360 அளவுக்கு வீழ்ந்தபோது, பழைய விலைக்கு இறக்குமதி செய்வது இயலாததாயிற்று. மார்ச்சில் மருந்து விலைகள் 29 சதவீதத்தாலும், ஏப்பிரல் இறுதியில் 60 மருந்துகளின் விலை மேலும் 40 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டன. அதே வேளை வைத்தியசாலைகளிலும் மருந்துகள் தீர்ந்தன. "வெளியில் வாங்குங்கள்" என்ற துண்டுடன் நோயாளர் மருந்தகங்களை நாடினர்.

வாடிக்கையாளர் பெருகியும் மருந்தகங்கள் செழிக்காமைக்குக் காரணம் யாது? வைத்தியசாலையின் களஞ்சியத்தை வெறுமையாக்கிய அதே டொலர்ப் பஞ்சம் மருந்தகத்தின் தட்டையும் வெறுமையாக்கியது. கிடைத்த சரக்கை வாங்கக் கூடுதல் முதல் தேவைப்பட்டது. வாங்க வந்தவரோ, இலவச மருந்தையே நம்பியிருந்த ஏழை. பதினான்கு நாட்களுக்கு எழுதப்பட்ட மாத்திரையை மூன்று நாட்களுக்கு மட்டும் கேட்டவருக்கு, மருந்தாளர் கணக்குப் பார்த்து எண்ணிக் கொடுத்தார். அரைகுறையாக உண்ட நுண்ணுயிர்க்கொல்லி நோயை ஆற்றுவதில்லை. இடைநிறுத்திய இரத்த அழுத்த மாத்திரை நோயாளியை மீண்டும் வைத்தியசாலைக் கட்டிலுக்கே அனுப்புகின்றது. சேமிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட செலவு இவ்வாறு பன்மடங்காகத் திரும்புகின்றது.

ஆகவே, வைத்தியசாலையின் யன்னலும் மருந்தகத்தின் மேசையும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல. ஒரே நூலின் இரு முனைகளாகும். நூல் அறுமிடத்து இரு முனைகளும் பயனற்றுப் போகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன் பிபிலே எழுப்பிய வினா மருந்தின் விலை பற்றியது மட்டுமன்று. மருந்து யாருக்காக என்பதும் அதனுள் அடங்கும். இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு நம் தலைமுறையையும் சார்ந்ததாகும்.