படுக்கையிலிருந்து ஒரு குரல்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் கையில் நாலு சாத்துக்குடியோடு வருவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாம் நன்மைக்குத்தான், ஆண்டவன் சோதிக்கிறான், தைரியமாக இருங்கள்" என்று உபதேசம் செய்வார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விடுவார்கள். இன்னொரு ரகத்தார் அதிகம் பேசமாட்டார்கள். தலையணையைச் சரி செய்வார்கள்; கூஜாவில் வெந்நீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விசாரித்துப் பார்த்தால், அவர்களும் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்களாக இருப்பார்கள்.

இந்த வித்தியாசத்தை உணர்ந்து, அதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார் ஒரு ஸ்திரீ. அவர் பிறந்தது அயர்லாந்தில். எழுதியது நம் திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூரில். எழுதிய இடம் நோய்ப்படுக்கை. ஏமி கார்மைக்கேல் என்பது அவர் பெயர்.

1867-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி, அயர்லாந்தின் வடகிழக்குப் பகுதியில், மில்ஐல் என்ற கடற்கரைக் கிராமத்தில் ஏமி பிறந்தார். தகப்பனார் மாவு மில் முதலாளி. குழந்தைப் பருவத்தைப் பற்றி அவரே சொன்ன ஒரு கதை உண்டு. அம்மாவுக்கு நீலக் கண்கள். மகளுக்கோ பழுப்புக் கண்கள். கேட்டதைக் கடவுள் கொடுப்பார் என்று அம்மா சொல்லியிருந்தாள் அல்லவா? எனவே, மூன்று வயதுக் குழந்தை ஓர் இரவு தனக்கும் நீலக் கண் வேண்டும் என்று ஜெபம் செய்துவிட்டுத் தூங்கியது. காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியில் பார்த்தது. அதே பழுப்புக் கண்கள்! குழந்தை திகைத்து நின்றது. 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான் என்று அப்போது அதற்கு விளங்கியதாம்.

குழந்தைக் கதைதான். ஆனால், இந்தக் கதையை வைத்துக்கொண்டு அவருடைய பிற்கால வாழ்க்கையைப் படித்தால் எனக்குச் சற்று நடுக்கமாக இருக்கிறது. அந்த 'இல்லை' என்ற பதில் அவரை ஆயுள் முழுவதும் தொடர்ந்து வந்தது.

வாலிப வயதிலிருந்தே அவருக்கு நரம்பு வலி. வந்தால் நாட்கணக்கில் எழுந்திருக்க முடியாது. சீனாவுக்கு ஊழியம் செய்யப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். உடம்பு தாங்காது என்று வைத்தியர் தடுத்துவிட்டார். 1893-ல் ஜப்பானுக்குப் போனார். ஒன்றரை வருஷம்கூட முடியவில்லை. வியாதி அங்கிருந்தும் அவரை விரட்டியது. இலங்கைக்கு வந்தார், அங்கும் நிலைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினார். கடைசியாக 1895-ம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது டெங்கு ஜுரம் அவரைப் படுக்கையில் தள்ளியது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் எத்தனை மாதம் இங்கே தாக்குப் பிடிப்பாள் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் எழுந்திருந்தால் அதில் தவறில்லை. அவர் ஐம்பத்தைந்து வருஷம் இருந்தார். ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

திருநெல்வேலி ஜில்லாவில் வாக்கர் என்ற பாதிரியாரிடம் தமிழ் படித்தார். புடவை கட்டிக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலருடன் கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் போய்ப் பிரசங்கம் செய்தார். 1901-ல், கோயிலுக்கென்று விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து அவரிடம் சேர்ந்தாள். அந்தக் குழந்தை வாயிலாகக் கேட்ட விஷயங்கள் அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டன. அதே வருஷம் டோனாவூரில் குடியேறினார். அந்த ஊருக்கே ஒரு கதை உண்டு. ரேனியஸ் ஐயர் காலத்தில் கோயில் கட்டப் பணம் உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர்தான் ஊருக்கு வந்தது. அந்த ஊர் ஏமி அம்மையாரால் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் வீடாயிற்று.

அவர் செய்தது எல்லோருக்கும் பிடித்த காரியமல்ல. குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய் மதம் மாற்றுகிறாள் என்று நம்மவர்கள் கோபித்தார்கள், வழக்கும் நடந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடியதும், 1947-ல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கச் சட்டம் வந்ததும் வேறு வழியில் நடந்தவை. ஒரு குழந்தையைத் துன்பத்திலிருந்து காப்பாற்றுவது ஒன்று. அதன் மதத்தை மாற்றுவது இன்னொன்று. இந்த விவாதத்தில் எனக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஆனால், இந்தக் கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது வேறு. தம்முடைய கடவுளை நம்பி இவ்வளவு காரியம் செய்த ஒருவரை அந்தக் கடவுள் கைவிட்டதுபோல் தோன்றியபோது, அவர் என்ன செய்தார்?

முதலில், சுற்றியிருந்தவர்கள் போனார்கள். எடுத்து வளர்த்த பச்சைக் குழந்தைகள் ஆரம்ப வருஷங்களில் ஒன்றன் பின் ஒன்றாக இறந்தன. 1912-ல், தமக்குத் தமிழும் தைரியமும் தந்த வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணம் போன இடத்தில் திடீரென்று காலமானார். 1915-ல் பொன்னம்மாள் போனாள். பொன்னம்மாள் ஒரு தமிழ் விதவை. ஏமியின் வலது கை. புற்றுநோய் அவளை நீண்ட நாள் வாட்டி எடுத்துக்கொண்டு போயிற்று. அவளுக்காக டோனாவூரே ஜெபம் செய்தது. பதில், பழைய பதில்தான்.

பிறகு அவருடைய முறை வந்தது.

1931-ம் வருஷம் ஒரு நாள் காலை, தம் பிள்ளைகளுக்கு உதவ எது தேவையோ அதைத் தமக்குச் செய்யும்படி கர்த்தரை அவர் வேண்டிக்கொண்டார். அன்று மாலை பக்கத்து ஊரான களக்காட்டில், ஊழியத்துக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். வேலைக்காரர்கள் கக்கூஸுக்காகக் குழி வெட்டியிருந்தார்கள். வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிவிட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் அது தெரியவில்லை. அம்மையார் அதில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காலையில் இப்படி ஒரு பிரார்த்தனை, மாலையில் இப்படி ஒரு கக்கூஸ் குழி என்று நான் ஒரு நாவலில் எழுதினால், பத்திரிகாசிரியர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். வாழ்க்கைக்கு அத்தகைய பத்திரிகாசிரியர் இல்லை.

சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் வருஷங்களாயின. முறிந்த காலோடு விஷயம் நிற்கவில்லை. மூட்டுகளில் வாதம், நரம்பு வலி, தூக்கமில்லாத இரவுகள் என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. அதுவரை தினம் நூறு இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர் ஓர் அறைக்குள் அடைபட்டார். அவர் குணமாக வேண்டும் என்று ஜெபிக்காத குழந்தை டோனாவூரில் இல்லை. அவர் குணமாகவில்லை. நோயாளிகளுக்கென்று டோனாவூரில் ஓர் ஆஸ்பத்திரி எழ முனைந்து நின்றவரும் அவரே என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுப் பக்தி வரலாற்றில் நோய்க்கு ஒரு பெரிய இடம் உண்டு. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் நோய் தீர்ந்து எழுந்தார். வாத நோயால் அவதிப்பட்ட மேல்புத்தூர் நாராயண பட்டதிரி குருவாயூரில் நாராயணீயம் பாடிக் குணமடைந்தார் என்பார்கள். கிறிஸ்தவர்களின் வேதத்தில் வரும் யோபுவுக்கும் கடைசியில் ஆரோக்கியமும் செல்வமும் திரும்பிக் கிடைத்தன. இந்தக் கதைகளில் நோய் ஒரு நடுப்பகுதி; முடிவு மங்களம். ஆனால், உலகத்திலுள்ள நோயாளிகளில் எத்தனை பேருக்கு இந்த மங்களம் கிடைக்கிறது? கிடைக்காதவனுடைய பக்தி என்னாவது? ஏமி அம்மையாரின் கதை இந்த இரண்டாவது கும்பலைச் சேர்ந்தது. அதனால்தான் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படுத்துக் கிடந்தபோது ஆறுதல் புத்தகங்கள் பல அவருக்கு வந்தன. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவைதான். ஆனால், அவை மனத்தைத் தொடவில்லை. ஏன் என்று யோசித்தபோது காரணம் தெரிந்தது. அவையெல்லாம் சௌக்கியமாக இருந்தவர்கள், சௌக்கியமில்லாதவர்களுக்கு எழுதியவை. அப்படியானால் நோயாளி நோயாளிக்கு எழுதினால் என்ன? வலி தீர்ந்த பிறகு, ஞாபகத்திலிருந்து எழுதுவதல்ல. வலி இருக்கும்போதே எழுதுவது. தம்மைப் போலப் படுத்துக் கிடந்தவர்களுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். அவை சேர்ந்து 1933-ல் ஒரு நூலாக வெளிவந்தன. முட்செடியிலிருந்து பறித்த ரோஜா என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்.

அந்த நூலில் என்னைக் கவர்ந்தது அதன் பக்தி அல்ல, அதன் நேர்மை. வலியை இன்பம் என்று அவர் சொல்லவில்லை. இரவு நீளமானது என்பதை மறைக்கவில்லை. 'ஏன் இது எனக்கு?' என்ற கேள்விக்குச் சாமர்த்தியமாக ஒரு பதிலைத் தயாரித்து நீட்டவில்லை. அந்தப் பதில் என்றைக்காவது ஒரு நாள் தெரியும், அதுவரை பொறுத்திருக்கலாம் என்று விட்டுவிடுகிறார். நமக்கு இது தப்பித்துக்கொள்வதுபோலத் தோன்றலாம். ஆனால், தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு, அப்படியும் ஒருவரை நம்புவதற்கு, எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்வதைவிடப் பலம் அதிகம் வேண்டும்.

துன்பத்தின் முன்னால் மனிதன் எடுக்கும் நிலைகளைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். மறந்துவிடப் பார்ப்பது, வேலையில் மூழ்கிவிடுவது, ஒதுங்கிக்கொள்வது, வேறு வழியில்லை என்று பணிந்து கிடப்பது ஆகிய எதிலும் அமைதி இல்லை. ஏற்றுக்கொள்வதில்தான் உண்டு என்பது அதன் கருத்து. பணிவதற்கும் ஏற்றுக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம்? அடிக்கிற மழையில் நனைந்துகொண்டு முனகுகிறவன் பணிந்தவன். அதே மழையில் வயலுக்கு வரப்பு வெட்டப் போகிறவன் ஏற்றுக்கொண்டவன். இந்த உதாரணம் என்னுடையது. ஆனால், அவர் செய்தது அதுதான். படுக்கையிலிருந்தே பத்துக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். எத்தனையோ பேருக்குச் சின்னச் சின்னச் சீட்டுகள் எழுதி அனுப்பினார். நிர்வாகத்தை மற்றவர்களிடம் ஒப்படைக்கக் கற்றுக்கொண்டார். முப்பது வருஷம் எல்லாவற்றையும் தாமே நடத்திய ஒருவருக்குக் கால் வலியைவிட இது பெரிய வலியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1948-ல் அதே அறைக்குள் மறுபடியும் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எண்பது வயதில், பதினேழு வருஷப் படுக்கைக்குப் பிறகு, இன்னொரு விழுகை! சினிமாவில் இத்தகைய இடத்தில் கதாநாயகி வானத்தைப் பார்த்து வசனம் பேசுவாள். அவர் அப்படி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 1951-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி, தம் எண்பத்து மூன்றாவது வயதில், உயிர் நீத்தார். கல்லறையில் தமக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். எனவே, பறவைகள் வந்து குடிக்கவும் குளிக்கவும் ஒரு தண்ணீர்த் தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு விசுவாசம் என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு சின்ன மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. நம்பினால் நடக்கும் என்பதுதான் விசுவாசம் என்று நினைத்திருந்தேன். அது ஒருவகை வியாபாரம். நான் இதைக் கொடுத்தேன், நீ அதைக் கொடு என்பது. அதில் சரக்கு வராவிட்டால் கணக்கை முடித்துவிட வேண்டியதுதான். அந்த அம்மையாருக்குச் சரக்கு வரவில்லை. அவர் கணக்கை முடிக்கவும் இல்லை. மூன்று வயதில் கண்ணாடியில் பழுப்புக் கண்ணைப் பார்த்த குழந்தை, எண்பத்து மூன்று வயது வரைக்கும் அந்தப் பதிலோடு சண்டை போட்டிருக்கலாம். அதோடு சமாதானமும் ஆகியிருக்கலாம். ஆனால், கேள்வி கேட்ட இடத்தை விட்டு அது எழுந்து போய்விடவில்லை.

அவருடைய மதம் என்னுடையதல்ல. அவர் நம் சமூகத்தைப் பற்றி எழுதியவற்றில் நான் ஒப்புக்கொள்ளாதவை பல உண்டு. ஆனாலும், ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இப்போது அவர் ஞாபகம் வருகிறது. "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்ல வாய் எடுக்கிறேன். சொல்லாமல், கூஜாவில் வெந்நீர் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.