‘கமேன்’ என்னும் சொல்

பாரிஸ் நகரத்துத் தெருச்சிறுவனைக் குறிக்கும் ‘கமேன்’ என்ற பிரெஞ்சுச் சொல் முதன்முதலாக அச்சேறியது 1834-இல், தம்முடைய நூலொன்றில்தான் என்று, காவ்ரோஷ் என்னும் அமரத்துவம் பெற்ற சிறுவனைப் படைத்த விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளிவந்த தம் மகா நாவலில் எழுதியிருக்கிறார். அவர்பால் எனக்குள்ள பக்தி பெரிது. எனினும் உண்மை வேறாக இருக்கிறது. தீதரோவின் கலைக்களஞ்சியத்தில், 1765-ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே, கண்ணாடி உலைக்களத்தில் வேலைசெய்யும் எடுபிடிப் பையனின் பெயராக இச்சொல் இடம்பெற்றுவிட்டது.

உழைப்பைக் குறித்த சொல் குறும்பைக் குறிக்கலானதில் கல்லச்சுச் சித்திரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கோலால் ஓவியன் தானே வரைந்துவிட, கல்லை நனைத்தபின் ஈரம் மையை விலக்கவும் கொழுப்பு அதனை ஏற்கவும், செதுக்குவோனின் துணையின்றியே பிரதிகள் விரைவாக வெளிவந்தமையால், நேற்றைய வீதிக்காட்சி சில தினங்களிலேயே வாசகர் கையை அடைந்தது. நெப்போலியனின் சிப்பாய்களை வரைந்து புகழ்பெற்ற ஷார்லே, அதே பிரியத்துடன் சிறுவர்களையும் வரைந்தார். 1836-இல் ‘பாரிஸ் கமேன்’ நாடகமேடையும் ஏறினான்.

இச்சித்திரங்களின் வனப்பில் மயங்கும் நாம், அதே காலத்தில் 1841-ஆம் வருஷச் சட்டம் எதை அனுமதித்தது என்பதையும் நினைக்க வேண்டும். இயந்திர ஆலைகளிலும் இடைவிடாது தீ எரியும் தொழிற்சாலைகளிலும் 8 வயது நிரம்பாத பிள்ளைகளைச் சேர்க்கலாகாது என்று விதித்த அச்சட்டம், 8 முதல் 12 வயது வரையுள்ளவர்களிடம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை வாங்க இடமளித்தது. சித்திரத்துக் கமேனோ பெரும்பாலும் விளையாடிக்கொண்டே இருக்கிறான்.

ஓவியர் தோமியேயின் சித்திரம் ஒன்று மட்டும் என் நெஞ்சைவிட்டு அகலுவதில்லை. 1848 பிப்ரவரி 24-ஆம் தேதி லூயி பிலிப் அரசுரிமையைத் துறந்தோட, ஜனங்கள் துய்லரி அரண்மனைக்குள் புகுந்தனர். மார்ச் 4-ஆம் தேதி ‘ஷரிவரி’ பத்திரிகையில் வெளிவந்த அச்சித்திரத்தில், தெருப்பையன் ஒருவன் அரசனுடைய சிம்மாசனத்தில் உட்கார்ந்து, அதன் மெத்தை இவ்வளவு ஆழமாகப் புதைகிறதே என்று கூவி வியக்கிறான். ஷார்லேயின் அழகுப்பிள்ளைகளைவிட இவனையே நான் உயர்வாக மதிப்பேன். அரண்மனையை மண்டியிட்டுப் பாராமல், அதன் ஆசனத்தை உட்கார்ந்தே பரீட்சிக்கும் இவனை, ரசிக்கத்தக்க குறும்பனாக மாத்திரமன்றித் தன் காலத்தின் சரித்திரத்தில் பங்குடையவனாகவும் தோமியே கண்டிருக்கிறார்.