மிளகாய்: பழுத்தலும் மரபணுச் செயற்பாடும்

மிளகாய்ப் பழம் சிவப்பதும் காரம் ஏறுவதும் ஒரே நிகழ்ச்சி அல்ல. வெவ்வேறு மரபணுக்கள் வெவ்வேறு நாளில், பழத்தின் வெவ்வேறு பகுதியில் இயங்குவதால் இவை நிகழ்கின்றன. அந்த இயக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வெயிலாலும் மண்ணின் ஈரத்தாலும் முடியும். விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி வத்தல் மிளகாய் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

இங்கு ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் பழம் எடுக்கத் தொடங்கலாம். சித்திரை வரை எடுப்பு நீளும். செடி வளர்வது ஈரத்தில், பழம் பழுப்பது வற்றிவரும் கரிசலில். ஆகவே ஒரே செடியின் முதல் எடுப்பும் கடைசி எடுப்பும் பழுத்த வானிலை வேறு வேறு.

அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் சமையலின் காரம் பெரும்பாலும் மிளகுதான். தென்மாவட்டங்களில் நீண்டு மெலிந்த சம்பா, உருண்டையான முண்டு என இரு வகைகள் நிலைபெற்றன. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் சாத்தூர் சம்பாவைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு கே 2 ரகத்தை உருவாக்கியது. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985 வரை திருச்சுழியும் அந்த மாவட்டத்தில் இருந்த ஊர்தான்.

காரத்தின் வேதியியல் முதலில் தெளிவானது. 1816இல் புகோல்ஸ் காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1876இல் திரெஷ் அதைப் படிகமாக்கிக் கேப்சைசின் என்று பெயரிட்டார். 1919இல் நெல்சன் அதன் அமைப்பை விளக்கினார். காரம் விதையில் இருப்பதாகவே இன்றும் பலர் சொல்கிறார்கள். உண்மையில் அது உருவாவது விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய உட்பகுதியான சூலொட்டில். பூத்துச் சுமார் 20 நாளில் தொடங்கி, 40 முதல் 50 நாளில் உச்சம் தொட்டு, பிறகு பெராக்சிடேஸ் நொதிகளால் மெல்லச் சிதைகிறது. காய் சிவக்கும் முன்பே காரத்தின் பெரும்பகுதி சேர்ந்துவிடுகிறது.

சிவப்புக்கான திறவுகோல் 1994இல் கிடைத்தது. பிரான்சில் பிலால் கமாராவின் குழு பிரித்தறிந்த சி.சி.எஸ். மரபணு பச்சைக்காயில் உறங்கி, பழுக்கும்போது விழித்து, கேப்சாந்தின் என்னும் செந்நிறமியை உருவாக்குகிறது. காரத்துக்குரிய பன் 1 மரபணு 2005இல் அடையாளம் காணப்பட்டது; அதில் ஒரு துண்டு விடுபட்டுப்போனதால் குடைமிளகாய்க்குக் காரம் இல்லை. 2014இல் தென்கொரிய, சீனக் குழுக்கள் தனித்தனியே மிளகாயின் முழு மரபுத்தொகுதியை வெளியிட்டன. அது தக்காளியினுடையதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகக் குழு 2016இல் கடும் காரமுள்ள பூத் ஜோலோகியா மிளகாயின் காரமரபணுக்களைப் பிற மிளகாய்களுடன் ஒப்பிட்டது.

தட்பவெப்பம் நுழையும் வாயில்களுள் ஒன்று எம்.ஒய்.பி. 31 என்னும் கட்டுப்பாட்டு மரபணு. காரமரபணுக்கள் பலவற்றை ஒருங்கே தூண்டும் இதன் இயக்கம் ஒளி, வெப்பநிலை, காயம் ஆகியவற்றால் மாறுவதை மெக்சிகோ ஆய்வாளர்கள் 2017இல் காட்டினர். தண்ணீர் குறைந்தால் பழத்தில் கேப்சைசின் ஆக்கும் நொதிகள் முனைப்படைவதைத் தைவானில் 2005இலேயே கண்டிருந்தார்கள். வறண்ட மண்ணில் காரம் கூடும் என்னும் விவசாயிகளின் கணிப்புக்கு இவை துணைநிற்கின்றன, ஆனால் முழுமையாக அல்ல. தாய்லாந்தில் 2012இல் பல ரகங்களை வாடவைத்துப் பார்த்தபோது காரம் குறைந்த, நடுத்தர ரகங்களில்தான் அது ஏறியது. இயல்பிலேயே கடும் காரமுள்ளவற்றில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. உச்சவரம்பை வைப்பது ரகம். அதற்குள் ஏற்றி இறக்குவதே வானிலை.

பொலிவியக் காட்டு மிளகாய் இன்னும் வியப்பு. அங்கே ஈரமான பகுதிகளில்தான் காரச்செடிகள் அதிகம், வறண்ட பகுதிகளில் காரமற்றவை மிகுதி. ஈரத்தில் பெருகி விதையை அழிக்கும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு எதிரான காப்பு காரம். ஆனால் நீர் குறைந்தால் அதே காரச்செடிக்கு விதை எண்ணிக்கை சரிகிறது என்று ஹாக் குழுவினர் 2012இல் விளக்கினர். கரிசலில் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே அடுத்த ஆண்டுக்கு எந்தச் செடியின் விதை என்று தீர்மானிப்பவர், களத்தில் வத்தலைப் பொறுக்கி விதைக்கு ஒதுக்கும் விவசாயி.